கொடுக்கும் கையும் கொள்ளும் கையும்

உபாசகர்களுக்கான தம்ம பாடம்



ஐதராபாத் நகரில் வாழும் நம்மவர்க்கு, உசேன் சாகர் ஏரியின் நடுவே நிற்கும் பகவான் புத்தரின் திருவுருவம் புதியதன்று. ஒரே கல்லில் செதுக்கப்பெற்று, 58 அடி உயரமும் 300 டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடைய அவ்வுருவம், 1990 மார்ச்சுத் திங்களில் ஏரியைக் கடத்திக் கொண்டு செல்லுங்கால் நீரில் மூழ்கியது. உடன் சென்றோர் சிலர் உயிரிழந்தனர். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நீரின் அடியிற் கிடந்த அவ்வுருவம் 1992 டிசம்பர் முதல் நாளன்று மேடையில் நிறுத்தப்பெற்றது. அதன் வலக்கை உயர்ந்து நிற்கின்றது. அது அபய முத்திரை. 'அஞ்சற்க' என்னும் குறிப்பு. பஞ்சசீலம் காப்பவன் எண்ணிறந்த உயிர்களுக்கு அச்சமின்மையையே கொடையாக அளிக்கின்றான் என்பது ததாகதரின் போதனை.

அவ்வுயர்ந்த கையை வணங்குகின்ற நாம் ஒன்றை எளிதில் மறந்துவிடுகின்றோம். கொடுக்கும் கோலத்தில் நிற்கும் அப்பெருமானே, தாம் மெய்யுணர்வு பெற்றபின் 45 ஆண்டுகள், கையில் ஐயப் பாத்திரம் ஏந்தி ஊர்தோறும் நின்றவர். உலகுக்குத் தம்மத்தைக் கொடுத்தவர், உலகின் கையிலிருந்து அன்றாடச் சோற்றைப் பெற்றுக் கொண்டார். கொடுப்பதில் அவருக்குச் செருக்கு இல்லை. கொள்வதில் நாணம் இல்லை.

அன்றாட வாழ்வில் நாம் செய்யும் சிறு உதவிகளையும், நாம் பெறும் சிறு உதவிகளையும் பற்றியது இப்பாடம். கொடுப்பது அறம் என்பதை எல்லாச் சமயத்தாரும் கூறுவர். கொள்வதும் அறமே என்பதையும், இரண்டும் சமநிலையில் நிகழ்ந்தாலன்றி அன்பு முழுமை பெறாது என்பதையும் அறிந்து கொள்வது நமக்கு, சிறப்பாகத் தம்மத்தைப் புதிதாகத் தழுவிய குடும்பத்தார்க்கு, மிகவும் இன்றியமையாதது.

மரம் காத்த உயிர்கள்

நம் நகரத்து வரலாற்றிலிருந்தே தொடங்குவோம். 1908 ஆம் ஆண்டு செப்டம்பர் 28 ஆம் நாள் மூசியாறு கரை கடந்து நகருட் புகுந்தது. பாலங்கள் உடைந்தன, ஆயிரக்கணக்கான வீடுகள் கரைந்தன. அவ்வெள்ளத்தில் மாண்டோர் ஏறத்தாழ 15,000 பேர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. அந்நாளில் அப்சல்கஞ்சுப் பகுதியில், இன்று உஸ்மானியா மருத்துவமனை வளாகமாக உள்ள இடத்தில், ஒரு புளியமரம் நின்றது. அதில் ஏறிக் கிளைகளைப் பற்றிக் கொண்டு 150 பேர் உயிர் பிழைத்தனர். அம்மரம் இன்றும் நிற்கின்றது. ஆண்டுதோறும் அந்நாளில் அதன் அடியிற் கூடி நினைவுகூர்வோரும் உளர்.

அன்று அம்மரத்தில் நிகழ்ந்ததைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு மரத்தில் 150 பேர் தங்க வேண்டுமாயின், முன்னர் ஏறினவர் பின்னர் வந்தவர்க்குக் கை நீட்டியிருத்தல் வேண்டும். அமர்ந்திருந்தவர் ஒடுங்கி அமர்ந்து இடம் விட்டிருத்தல் வேண்டும். அவ்வளவே போதுமா? போதாது. நீரில் நின்றவர், நீட்டப்பெற்ற கை எக்குலத்தார் கை, எம்மதத்தார் கை என்று வினவாமல் அதைப் பற்றியிருத்தலும் வேண்டும். கை நீட்டியவரால் மட்டும் ஓர் உயிரும் பிழைத்திராது. நீட்டிய கையும் பற்றிய கையும் சேர்ந்தே உயிரைக் காத்தன.

வெள்ளம் வடிந்தபின், அரசராயிருந்த மீர் மஹபூப் அலிகான் வீடிழந்தோர்க்கு அரண்மனை வாயில்களைத் திறந்துவிட்டார். சரோஜினி நாயுடு அம்மையார் துயர் துடைக்கும் பணியில் ஈடுபட்டார். பொறியியல் அறிஞர் விசுவேசுவரய்யா வரவழைக்கப்பெற்று, அவர் வகுத்த வழியில் 1920 இல் உஸ்மான் சாகரும் 1927 இல் இமாயத் சாகரும் எழுந்தன. இவையெல்லாம் போற்றத்தக்கனவே. ஆயினும் வெள்ளம் வடிந்ததும் மக்கள் அவரவர் தெருவுக்குத் திரும்பினர். பழைய வேறுபாடுகளும் அவர்களுடனேயே திரும்பின. மரக்கிளையில் தோளோடு தோள் ஒட்டி அமர்ந்தவர் தரையிலும் அவ்வாறே அமர்வது எங்ஙனம்? வெள்ளத்திற் கற்றதை வெயிலிலும் மறவாதிருப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்குத் தம்மம் தரும் விடையே நம் பாடம்.

அரியர் இருவர்

உலகிற் காண்டற்கு அரியவர் இருவர் என்று பகவான் உரைத்துள்ளார். ஒருவர், பிறர் தமக்கு ஒன்றும் செய்யாதிருக்கவும் தாமே முந்திக் கொண்டு உதவி செய்பவர். அவரைப் பாலியில் 'புப்பகாரி' என்பர். மற்றொருவர், பெற்ற உதவியை அறிந்து, அறிந்ததைச் செயலாற் காட்டுபவர். அவரைக் 'கதஞ்ஞூ கதவேதி' என்பர். முந்திச் செய்பவரையும் நன்றியறிபவரையும் பகவான் ஒரே தட்டில் வைத்துள்ளார் என்பதை நோக்குக. கொடுத்தவர் உயர்ந்தவர், கொண்டவர் தாழ்ந்தவர் என்னும் எண்ணத்துக்கு ஈண்டு இடமே இல்லை.

இதனைப் பகவான் தம் ஒழுக்கத்திலும் காட்டினார். மெய்யுணர்வு பெற்றபின் இரண்டாம் வாரம் முழுதும், தமக்கு நிழல் தந்த போதிமரத்தை இமையாது நோக்கி நன்றியுடன் நின்றார் என்பது பௌத்த மரபு. மரம் நன்றியை எதிர்பார்ப்பதில்லை, புகழ்ந்தால் மகிழ்வதுமில்லை. ஆயினும் உலகின் பேராசான் ஒரு மரத்தின்முன் நன்றியுடன் நின்றார். கொண்டதை மறவாமை என்பது கொடுத்தவரை மகிழ்விப்பதற்காக மட்டும் அன்று. கொண்டவரின் உள்ளம் வறண்டு போகாதிருப்பதற்காகவும் ஆகும்.

நம் காலத்திலும் இதற்குச் சான்று உண்டு. இளம் பீமராவ் பள்ளித் தேர்வில் தேறியபோது அவர்தம் சமூகத்தார் ஒரு பாராட்டுக் கூட்டம் நடத்தினர். அக்கூட்டத்தில் கேளுஸ்கர் என்னும் அறிஞர், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்று நூலின் ஒரு படியை அச்சிறுவரின் கையிற் கொடுத்தார். ஒரு நூல், அவ்வளவே. கொடுத்தவர்க்கு அது பெருஞ்செயலாகத் தோன்றியிராது. ஆயின் கொண்டவர் அதைப் பெட்டிக்குள் பூட்டி வைக்கவில்லை. படித்தார், பல்லாண்டு சிந்தித்தார். 1956 அக்டோபர் 14 ஆம் நாள் நாகபுரியில், தாம் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்று, இலட்சக்கணக்கானோர்க்கும் அவ்வழியைக் காட்டினார். பாபாசாகேப் அம்பேத்கர் தம்மம் நோக்கி வந்த நெடுவழியின் முதற்படியில், ஒருவர் அன்புடன் கொடுத்ததும், ஒருவர் அதை மதித்துக் கொண்டதுமாகிய சிறு நிகழ்ச்சியே நிற்கின்றது. இன்று நாம் விகாரையில் அமர்ந்து இப்பாடத்தைப் படிப்பதும் அந்நிகழ்ச்சியின் பயனே.

மேலிருந்து ஊற்றிய நீர்

இனி, நம்மவர்க்கே உரிய ஒரு துன்பத்தைப் பற்றிப் பேசுதல் வேண்டும். பேசாது விட்டால் இப்பாடம் ஏட்டுச் சுரைக்காயாகிவிடும்.

நம் பாட்டன் பாட்டியரும் நீர் பெற்றனர், சோறும் பெற்றனர், பழந்துணியும் பெற்றனர். எங்ஙனம் பெற்றனர்? குனிந்து, இரு கைகளையும் குவித்து ஏந்த, மேலிருந்து ஊற்றப்பெற்ற நீரைக் குடித்தனர். கொல்லைப்புறத்தில் நின்று, எட்ட வைக்கப்பெற்ற கூழை எடுத்துக் கொண்டனர். தேநீர்க் கடையில் அவர்களுக்கெனத் தனிக் குவளை வைக்கப்பெற்றது. ஊற்றியவர் தம்மைத் தருமவான் என்று எண்ணினார். நீர் தாகத்தைத் தணித்தது. ஊற்றிய முறையோ நெஞ்சைச் சுட்டது. கொடுத்த பொருள் நல்லது. கொடுத்த விதம் நஞ்சு.

இன்னொன்றும் உண்டு. 'உப்பைத் தின்றாயே, நன்றி இல்லையா?' என்னும் ஒரே கேள்வியாற் பண்ணையாட்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்தனர். உழைத்த உழைப்புக்குரிய கூலியை உதவி என்று பெயரிட்டுக் கொடுத்து, அதற்கு நன்றியும் கேட்டனர். இதனால் நம்மவருட் பலர்க்கு 'நன்றி' என்னும் சொல்லே விலங்கின் ஓசையாகக் கேட்கின்றது. அது அவர்தம் குற்றமன்று.

ஆகவே நாம் தெளிந்து கொள்ள வேண்டுவன இரண்டு. முதலாவது, உரிமை வேறு, உதவி வேறு. பொதுக் குளத்து நீரும், பொதுவழியும், செய்த வேலைக்குக் கூலியும் உரிமைகள். 1927 மார்ச்சு 20 இல் பாபாசாகேப் மகாடு நகரத்துச் சவதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தியது, யாரிடமும் கருணை வேண்டி அன்று, உரிமையை நிலைநாட்டுவதற்கு. உரிமையை மறுத்துவிட்டு அதையே பிச்சையாக இடுவதற்குத் தம்மத்தில் அன்பு என்னும் பெயர் இல்லை. இரண்டாவது, நன்றியறிதல் அடிமைத்தனம் அன்று. அடிமைத்தனத்தில் கொண்டவர் கொடுத்தவருக்கே காலமெல்லாம் கட்டுப்பட்டவர். தம்ம வழியில், கொண்டவர் அவ்வன்பைத் தம்மோடு நிறுத்திவிடாது அடுத்தவர்க்கும் கடத்துகின்றார். கடன் ஒருவரைச் சிறைப்படுத்தும். அன்பு ஒருவரைக் கொடையாளர் ஆக்கும்.

இப்பழைய புண்ணின் காரணமாக நாம் இருவகைப் பிழைகளில் விழக்கூடும். ஒன்று, 'யாரிடமும் எதையும் கொள்ளேன்' என்று கதவை அடைத்துக் கொள்வது. அண்டை வீட்டார் மனமுவந்து கொண்டு வருவதையும் ஐயத்தோடு நோக்குவது. மற்றொன்று, நாம் சற்று வசதி பெற்றபின், நமக்கு எவ்வாறு ஊற்றப்பெற்றதோ அவ்வாறே பிறர்க்கு மேலிருந்து ஊற்றுவது. முன்னது அச்சத்தால் வருவது. பின்னது செருக்கால் வருவது. இரண்டும் சாதியின் மிச்சங்களே.

கிணற்றங்கரையில் ஆனந்தர்

திவ்யாவதானம் என்னும் வடமொழிப் பௌத்த நூலில் ஒரு கதை வருகின்றது. சிராவத்தி நகரில் ஆனந்தர் ஐயம் ஏற்றுத் திரும்புங்கால் தாகமுற்றுக் கிணற்றங்கரையில் நீர் முகந்து கொண்டிருந்த பிரகிருதி என்னும் பெண்ணிடம் நீர் வேண்டினார். அவள் தான் தாழ்ந்த குலத்தவள் எனக் கூறித் தயங்கினாள். குலத்தைத் தாம் கேட்கவில்லை என்றும், தமக்கு வேண்டுவது நீரே என்றும் ஆனந்தர் விடை பகர்ந்து, நீரை வாங்கிப் பருகினார். பின்னர் அப்பெண் பகவானின் போதனை கேட்டுப் பிக்குணி ஆனாள். இதனைத் தழுவியே மலையாளக் கவிஞர் குமாரன் ஆசான் 1922 இல் ஒரு காவியமும், இரவீந்திரநாத் தாகூர் 1933 இல் ஒரு நாடகமும் இயற்றினர்.

இக்கதையில் உதவியவர் யார், உதவி பெற்றவர் யார்? நீர் கொடுத்தவள் பிரகிருதி. ஆயின் அவள் பெற்றது அவள் கொடுத்ததினும் பெரிது. அதுவரை அவள் கை நீர் தீட்டு எனப்பட்டது. ஆனந்தர் அதை வாங்கிப் பருகிய கணத்தில், அவள் கொடுக்கத் தகுந்தவள் ஆனாள். ஒருவரிடமிருந்து ஒன்றை மதிப்புடன் ஏற்றுக் கொள்வது, 'நீயும் கொடுக்கவல்லவன்' என்று அவர்க்குச் சான்று வழங்குவதாகும். கொள்வதும் கொடையே என்பது இதுதான்.

நம் தமிழ்ப் பெருங்காப்பியமாகிய மணிமேகலையும் இவ்வுண்மையையே காட்டுகின்றது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி மணிமேகலையின் கைக்கு வந்தது. ஆயினும் அவள் உடனே ஊருக்குச் சோறிடத் தொடங்கவில்லை. முதலில் வெறும் பாத்திரத்துடன் ஆதிரையின் வாயிலில் நின்றாள். ஆதிரை இட்ட முதற்பிச்சையைப் பெற்ற பின்னரே அப்பாத்திரம் காயசண்டிகையின் தீராப் பசியைத் தீர்த்தது; பின்னர் எண்ணற்றோர் பசியையும் தீர்த்தது. ஊருக்கெல்லாம் கொடுக்கப் போகும் கை, முதலில் ஒருத்தியிடம் கொள்ளக் கற்றுக் கொண்டது.

நோயுற்ற பிக்கு

கொள்வதற்கும் ஒரு நெறி உண்டு என்பதை விநயபிடகம் மிக நுட்பமாகக் கூறுகின்றது. பகவான் ஒருநாள் ஆனந்தருடன் பிக்குகளின் உறைவிடங்களைப் பார்வையிட்டு வந்தார். ஒரு பிக்கு வயிற்று நோயால் வருந்தித் தம் மலத்திலேயே கிடந்தார். பணிவிடை செய்வார் யாரும் இல்லையா என்று பகவான் வினவ, தாம் மற்றப் பிக்குகளுக்கு ஒன்றும் செய்யாதவராதலால் அவர்கள் தம்மைக் கவனிப்பதில்லை என்று அவர் கூறினார். பகவான் நீர் ஊற்ற, ஆனந்தர் கழுவினார். பகவான் தலைப்புறமும் ஆனந்தர் காற்புறமும் பற்றித் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். பின்னர்ச் சங்கத்தைக் கூட்டி, ஒருவர்க்கொருவர் பணிவிடை செய்தல் கடமை என்றும், தமக்குப் பணிபுரிய விரும்புவோர் நோயுற்றார்க்குப் பணி புரிக என்றும் அறிவுறுத்தினார்.

மலம் கழுவும் தொழிலை ஒரு சாதியின் தலையில் ஏற்றி, அத்தொழிலின் பெயராலேயே அவர்களைத் தீண்டாதவராக்கிய நாடு இது. அந்நாட்டிலேயே உலகின் பேராசான் தம் கையால் நீர் ஊற்றி நின்றார். நம் குடும்பங்களில் எத்தனையோ பேர் மருத்துவமனைகளில் தாதியராகவும் துப்புரவுப் பணியாளராகவும் உள்ளனர். அவர்கள் செய்வது இழிதொழில் என்று எவரேனும் கூறின், அவர்கள் நினைவில் இக்காட்சி எழுதல் வேண்டும்.

'எனக்கு அவர் என்ன செய்தார்?' என்னும் கணக்கைப் பகவான் இங்கு உடைத்தெறிந்தார். அப்பிக்கு எதுவும் செய்யாதவரே. ஆயினும் உதவிக்கு உரியவர். அதே வேளையில், உதவி பெறுவோர்க்கும் கடமை உண்டு எனக் காட்டினார். பணிவிடை செய்வதற்கு எளியவராகிய நோயாளியின் பண்புகள் ஐந்து: உடலுக்கு ஏற்றதைச் செய்தல், அளவறிந்து நடத்தல், மருந்தை உட்கொள்ளுதல், தம் நலம் நாடுவோரிடம் நோயின் நிலையை உள்ளவாறு உரைத்தல், வலியைப் பொறுத்தல். பணிவிடை செய்வோர்க்கும் பண்புகள் ஐந்து: மருந்தைப் பக்குவம் செய்யும் திறன், ஏற்றது இது ஏலாதது இது என அறிதல், ஊதியம் கருதாது அன்பினாற் செய்தல், மலசலம் முதலியவற்றை அருவருக்காமை, நோயாளியின் மனம் தெளியத் தம்மம் பேசுதல்.

இவற்றுள் ஒன்றை மட்டும் இன்று மனத்திற் பதித்துக் கொள்வோம்: நோயின் நிலையை உள்ளவாறு உரைத்தல். நம் முதியோர் பலர் பிள்ளைகளுக்குத் தொல்லையாகுமே என்று வலியை மறைக்கின்றனர். வேலையிழந்த இளைஞர் வீட்டாரிடம் சொல்லாமல் காலையில் வழக்கம்போல் புறப்பட்டுச் சென்று மாலையில் திரும்புகின்றனர். இது பெருந்தன்மை போலத் தோன்றும். உண்மையில், அன்புடையார் உதவும் வாய்ப்பை அடைத்துவிடுவதாகும். தேவையை மறையாது சொல்லுதலும் அன்புடையார்க்கு நாம் செய்யும் ஓர் உதவியே.

பிணைக்கும் பண்புகள் நான்கு

இவற்றையெல்லாம் அன்றாட வாழ்வில் கடைப்பிடிக்கும் வழியைப் பகவான் நான்காக வகுத்துத் தந்துள்ளார். மக்களை ஒன்றாகப் பிணைத்து வைப்பதால் அவற்றைச் 'சங்கஹ வத்து' என்பர். ஓடும் தேருக்கு அச்சாணி எவ்வாறோ அவ்வாறே உலகியலுக்கு இந்நான்கும் என்பது அவர் வாக்கின் கருத்து.

முதலாவது தானம், அதாவது ஈகை. சித்திரை வைகாசி வெயிலில் ஐதராபாத் வீதிகளில், நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தலைப் போன்று, 'சலிவேந்திரம்' என்னும் பெயரில் நீர்ப்பானைகள் வைக்கப்படுவதைக் காண்கிறோம். வருவோர் போவோர் குலம் கேட்பாரில்லை. மேலிருந்து ஊற்றிய நீரை நினைவில் உடைய நாம், வீட்டு வாயிலில் ஒரு பானையும் எல்லார்க்கும் ஒரே குவளையும் வைப்போமாயின், அது தாகம் தணிப்பதோடு வரலாற்றின் ஒரு புண்ணையும் ஆற்றும். தபீர்புரா மேம்பாலத்தின் கீழ் 2012 முதல் பசித்தோர்க்கு உணவளிக்கும் அறத்தைத் தொடங்கிய அசர் மக்சூசி என்பவர் பெருஞ்செல்வர் அல்லர். சுண்ணப் பூச்சு வேலையால் வாழ்ந்தவர். இளமையில் தந்தையை இழந்து பசியை அறிந்தவர். பசியால் அழுத ஒரு பெண்ணுக்குத் தம் உணவுப் பொட்டலத்தைக் கொடுத்ததே அவர்தம் தொடக்கம். ஈகைக்குச் செல்வம் முதலன்று; பிறர் பசியைத் தன் பசியாக உணர்தலே முதல்.

இரண்டாவது பிரியவசனம், அதாவது இன்சொல். நம் நகரில் உருதும் தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. சென்னையிலிருந்து இரவு வண்டியில் வந்திறங்கி, மொழி தெரியாமல் செகந்திராபாத் நிலையத்தில் திகைத்து நிற்பவரிடம், 'எங்கே போக வேண்டும், ஐயா?' என்று தமிழில் ஒரு சொல் கேட்பது செலவில்லாத உதவி. வீதி பெருக்கும் அம்மையாரை 'ஏய்' என்று விளியாமல் 'அம்மா' என்று விளிப்பதும் அதுவே.

மூன்றாவது அத்தசரியை, அதாவது பிறர்க்குப் பயன்படும் செயல். இதற்கு நம் நகரிலேயே முன்னோடி ஒருவர் வாழ்ந்தார். 1888 இல் பிறந்து 1939 இல் மறைந்த பாக்கியரெட்டி வர்மா அவர்கள், 1906 இல் சகன்மித்திர மண்டலி என்னும் அமைப்பை நிறுவி, ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் கண்டார். 1913 இல் இந்நகரில் புத்த ஜயந்தி கொண்டாடினார். ஒருவர்க்கு ஒருநாள் சோறிடுவது தானம்; அவர் பிள்ளைக்கு எழுத்தறிவிப்பது பயன்செயல். இன்றைக்கு, படிவம் நிரப்பத் தெரியாத முதியவருக்கு நிரப்பித் தருவதும், அரசுக் கல்வி உதவித்தொகை உண்டு என்பதை அறியாத மாணவிக்கு அறிவிப்பதும், மருத்துவமனைக்குத் தனியே செல்ல அஞ்சுபவருடன் துணை செல்வதும் இவ்வகையைச் சாரும்.

நான்காவது சமானத்ததை, அதாவது ஒப்ப நடத்தல். இதுவே மற்ற மூன்றுக்கும் உயிர். இஃதில்லாத ஈகை மேலிருந்து ஊற்றிய நீர். இஃதில்லாத இன்சொல் முகத்துதி. இஃதில்லாத பயன்செயல் அதிகாரம். 2014 இல் ஐதராபாத் மாநகராட்சி ஐந்து ரூபாய் உணவுத் திட்டத்தைத் தொடங்கிற்று. ஐந்து ரூபாய் அவ்வுணவின் முழு விலையன்று. ஆயினும் உண்பவர் தாமும் ஒன்று கொடுத்து உண்கின்றார். அவர் கையேந்தி நிற்கவில்லை, வாங்கி உண்கின்றார். கொடுக்கும் முறையில் கொள்பவரின் மானத்தைக் காத்தல் என்பது இதுவே.

ஒரு சிறு காட்சியை மனத்திற் கொள்க. தெருவிற்குப் புதிதாகக் குடிவந்த ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண், மூடிய பாத்திரத்துடன் அடுத்த வீட்டு வாயிலில் தயங்கி நிற்கின்றாள்.

"எங்கள் வீட்டுக் குழம்பு உங்களுக்கு ஆகுமா அக்கா?"

"ஏன் ஆகாது தங்கச்சி? உள்ளே வா. நல்ல வேளை, இன்று நான் இன்னும் குழம்பு வைக்கவில்லை. உட்கார், சேர்ந்தே சாப்பிடலாம்."

இதில் கொடுத்தவள் யார்? இருவரும் கொடுத்தனர், இருவரும் கொண்டனர். மறுநாள் அப்பாத்திரம் வெறுமையாகத் திரும்பாது. நான்கு முருங்கைக் காயோ ஒரு பிடி கறிவேப்பிலையோ அதில் இருக்கும். அண்டை வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பலாகாது என்னும் நம் வீட்டு வழக்கம், நன்றியறிதலின் மிக எளிய வடிவமாகும். சாவு நேர்ந்த வீட்டில் அடுப்பு எரியாதபோது அண்டையார் சோறு கொண்டு வருவதும் அத்தகையதே. அன்று கொள்கின்றவர் இன்னொரு நாள் கொண்டு செல்பவர் ஆவார். வாழ்வு நம் எல்லாரையும் மாறி மாறி இரு கோலத்திலும் நிறுத்துகின்றது.

இவ்வாரப் பயிற்சி

ஒவ்வொரு நாள் மாலையும் புத்த வந்தனைக்குப்பின் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, அன்று பிறரிடம் பெற்ற மூன்று உதவிகளை நினைத்துப் பார்க்க. பால் கொணர்ந்தவர், பேருந்தில் இடம் விட்டவர், விழுந்த பையை எடுத்துக் கொடுத்தவர் என எவரும் ஆகலாம். அவர்களின் நலத்தை விரும்பி மைத்திரி பாவனை செய்க. பின்னர், யாரும் கேளாமலே நாளை செய்யத்தக்க ஓர் உதவியைத் தேர்ந்து கொள்க. வாரத்தில் ஒரு முறையேனும், உங்களுக்கு உதவ விரும்பும் ஒருவரை 'வேண்டாம்' என்று தடுக்காமல், மகிழ்வுடன் ஏற்றுக் கொள்க. மூன்றில் கடினமானது எது என்பதை நீங்களே அறிவீர்கள்; கடைசியிற் கூறியதே பலர்க்குக் கடினமாக இருக்கும்.

சிந்தனைக்கு வினாக்கள்

1. புப்பகாரி, கதஞ்ஞூ கதவேதி என்போர் யாவர்? இருவரும் ஒருங்கே போற்றப்படுவது ஏன்?

2. உரிமைக்கும் உதவிக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் தெருவில் கண்ட ஒரு செய்தியால் விளக்குக.

3. ஆனந்தர் நீர் வாங்கிப் பருகியதால் பிரகிருதி பெற்றது யாது?

4. பணிவிடை செய்வதற்கு எளிய நோயாளியின் ஐந்து பண்புகளைக் கூறுக. அவற்றுள் உங்கள் இல்லத்தில் குறைவாக உள்ளது எது?

5. சமானத்ததை இல்லாவிடின் மற்ற மூன்று பண்புகளுக்கும் என்ன நேரும்?

அப்சல்கஞ்சுப் பக்கம் செல்ல நேரும்போது, அப்புளியமரத்தடியில் சற்று நின்று பாருங்கள். நோயாளிகளுடன் பல ஊர்களிலிருந்தும் வந்தோர் அம்மருத்துவமனை வளாகத்தில் காத்திருப்பர். அவர்கள் யார் என்று மரம் அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்பதில்லை. நாமும் கேளாமற் கொடுப்போம், கூசாமற் கொள்வோம், கொண்டதை அடுத்தவர் கையிற் சேர்ப்போம்.

எல்லா உயிர்களும் அச்சமும் பகையும் நீங்கி நலமுற வாழ்வனவாகுக.

நமோ புத்தாய.